துயரின் கண்ணியம்

புனிதரைத் தீட்டும் ஓவியன் எதற்குக் கடமைப்பட்டவன்? காண்போரின் இறைபக்திக்கா, தன் கண் கண்ட உண்மைக்கா? பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமாபுரியில் ஓர் ஓவியத்தை முன்னிட்டு இவ்வினா எழுந்தது.

தேவாலய ஓவியங்களைச் சீர்திருத்தக் கிறிஸ்தவர் கடுமையாகச் சாடிய காலம் அது. 1563ஆம் ஆண்டில் கத்தோலிக்கரின் திரெந்துப் பேரவை அவற்றிற்கு வரம்பு வகுத்தது. ஓவியம் மக்களுக்குச் சமயத்தைப் போதிக்க வேண்டும். அதில் தகாதன எவையும் இடம்பெறலாகாது. எழுத்தறியாதாரையும் ஈர்க்கக் குறியீடு மட்டும் போதாது. உள்ளத்தை உலுக்கும் உணர்ச்சியும் வேண்டும். பரோக் ஓவியர்கள் இரண்டையும் பிணைத்தனர். இருளைக் கிழிக்கும் ஒளி இறையருளைக் குறித்தது. மண்டையோடு நிலையாமையை உணர்த்தியது. கண்ணீர் மனந்திரும்புதலுக்குச் சான்றாயிற்று.

அவர்களுள் முதன்மையானவர் கரவாஜியோ (1571–1610). கர்மேல் சபைத் துறவியரின் தேவாலயத்திற்கென மர்யம் அம்மையாரின் மரணத்தை அவர் வரைந்தார். அதில் வானவர் எவருமிலர். எளிய அறை, உப்பிய உடல், மூடப்படாத பாதங்கள், தரையில் ஒரு செப்புப் பாத்திரம், அதனருகே முகம் புதைத்து அழும் மகதலேனா மரியாள். தலையைச் சூழ்ந்த மெல்லிய ஒளிவளையம் ஒன்றே இறந்தவர் யாரென்று உரைக்கிறது.

துறவியர் அதனை ஏற்க மறுத்தனர். உடல் கண்ணியமின்றிக் காட்டப்பட்டது என்றும், மாதிரியாக அமர்ந்தவள் நன்னடத்தை அற்றவள் என்றும் அக்காலத்தார் காரணம் கூறினர். 1607இல் ஓவியர் ரூபென்ஸின் பரிந்துரைப்படி மாந்துவாக் கோமகன் அதனை வாங்கினார். இன்று அது பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

துறவியரின் அச்சம் பொருளற்றதன்று. வணங்கத் தக்கவரின் உருவில் ஊரறிந்த ஒருத்தியின் முகம் தெரியுமாயின் உள்ளம் சிதறும். எனினும், கண்ணியம் என்பது யாது? மரணத்தின் கோலத்தை மறைப்பதா, அக்கோலத்திலும் அருகிருந்து அழுவதா? அவ்வோவியத்தில் சீடர்கள் தலைகவிழ்ந்து நிற்கின்றனர். அவர்களுடைய துயரமே அம்மையாரின் பெருமைக்குச் சான்று. வானவர் கூட்டம் வந்து அதனை மெய்ப்பிக்க வேண்டியதில்லை.

உணர்ச்சியைத் தூண்டும் கலை எல்லாம் உயர்ந்த கலை ஆகிவிடாது. தன் கண்ணீரைத் தானே சுவைக்கச் செய்வதும் உண்டு; பிறர் துயரை நோக்கி நம்மைத் திருப்புவதும் உண்டு. கரவாஜியோவின் ஓவியம் பின்னதைச் சேர்ந்தது. ஒரு புனிதவதியின் மரணத்தை ஏழை வீட்டு மரணம்போல் கண்டவர், ஏழை வீட்டு மரணத்தை இனி எளிதாகக் கடந்துபோக மாட்டார் அன்றோ?