படிப்பை நிறுத்தியவருக்கு உரிமம் எதற்கு?

2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய இருமல் மருந்துச் சாவுகளில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த ‘கோல்ட்ரிஃப்’ காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்தது. ஆலையின் உரிமம் ரத்தானது, உரிமையாளர் கைதானார். மருந்தை எழுதிக்கொடுத்த மருத்துவர் ஒருவரும் கைதானபோது இந்திய மருத்துவச் சங்கம் அதைக் கண்டித்தது. புட்டிக்குள் நஞ்சு இருப்பது மருத்துவருக்கு எப்படித் தெரியும் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். குளோர்பெனிரமைனும் பினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே ஆணையிட்டிருந்தது. கோல்ட்ரிஃபில் இருந்த மருந்துகளில் அந்த இரண்டும் உண்டு. நஞ்சு கலந்தது ஆலையின் குற்றம். நஞ்சே கலக்காதிருந்தாலும் சின்னஞ்சிறு குழந்தைக்கு அது ஆகாது என்ற பாடம் இரண்டாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அது ஊர்தோறும் உள்ள மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்க்க நம்மிடம் உறுதியான ஏற்பாடு இல்லை.

அந்த ஏற்பாட்டுக்குத்தான் தொடர் மருத்துவக் கல்வி என்று பெயர். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நடத்தை விதிகள், ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது ஒரு மருத்துவர் இத்தகைய வகுப்புகளில் கலந்துகொள்ள வேண்டும் என்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-இல் அறிவித்த புதிய விதிகள், ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிப்பதோடு இந்தக் கல்வியைச் சேர்த்துக் கட்டின. மூன்றே வாரத்தில், ஆகஸ்ட் 23-இல், அந்த விதிகள் மொத்தமாக நிறுத்திவைக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியது பெரும்பாலும் மூலப்பெயரில் மருந்து எழுத வேண்டும் என்ற விதியைக் குறித்து; அதோடு கல்வி விதியும் சேர்ந்து உறங்கப் போய்விட்டது. ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரம் என்றால் மாதத்துக்கு அரை மணி நேரம். இதைக்கூடக் கட்டாயமாக்கலாமா என்று விவாதிப்பதே வருந்தத்தக்கது. தொடர்ந்து கற்றவருக்கே உரிமம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதுவே அறம். இதில் நகரத்து மருத்துவருக்கு ஒரு நீதி, மலைமேல் உள்ளவருக்கு ஒரு நீதி என்று இருக்கக் கூடாது.

உரிமம் என்பது மருத்துவருக்குச் சமூகம் எழுதிக் கொடுத்த சொத்துப் பத்திரமா, அவரிடம் ஒப்படைத்த பொறுப்பா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நம் முன்னோர் இதைப் பொறுப்பாகவே கண்டார்கள். நூலைக் கற்று, அதன் பொருளை உணர்ந்து, செய்முறை பழகி, அரசனின் இசைவும் பெற்ற பிறகே மருத்துவன் தொழிலுக்கு இறங்க வேண்டும் என்கிறது சுசுருத சம்ஹிதை. மருத்துவன் தன் துறையைச் சேர்ந்த பிறரோடு கூடி உரையாடித் தன் அறிவைத் தெளிவாக்கிக்கொள்வதைச் சரக சம்ஹிதை ஒரு கடமையாகவே வைக்கிறது. இன்றைய தொடர்கல்விக் கூட்டத்தின் கரு அங்கேயே இருக்கிறது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்கவில்லை. கேள்விக்கென்றும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். உயிர் உள்ளவரை கற்காமல் ஒருவன் எப்படி இருக்கிறான் என்று அவர் வியந்து கேட்கும் இடம் தமிழ் படித்த எவருக்கும் தெரியும். மருந்து அதிகாரத்திலோ, நோயாளியையும் நோயையும் காலத்தையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பதை மருத்துவனின் வேலையாக வைக்கிறார். நாலடியார் கல்வியின் எல்லையின்மையையும் கற்பவரின் குறைந்த வாழ்நாளையும் சொன்ன அதே மூச்சில் நோய்களின் பெருக்கத்தையும் சொல்வது, மருத்துவரை எதிரே நிறுத்திச் சொன்னதுபோல் இருக்கிறது. ஒரு பாடத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்பதால் என்ன பயன் என்பதை நன்னூல் படிப்படியாக எடுத்துரைக்கிறது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்லி, மருத்துவருக்கும் அறுவை செய்பவருக்கும் உதவியாளருக்கும் ஊதியத்தைக் கணக்கிட்டு எழுதியிருக்கிறது. ஊர்ப் பொருளில் வாழும் மருத்துவர் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். பட்டம் வாங்கிய நாளோடு அந்தக் கணக்கு முடிந்துவிடுவதில்லை.

இந்தக் கடமை எங்கே மிகக் கனமாகிறது என்று பார்க்க ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். திருப்பத்தூர் மாவட்டத்தில் மலைமேல் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் அங்கங்கே சிதறிக் கிடக்கின்றன. சென்னையில் ஒரு மருத்துவர் சொன்னது மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் அடுத்த தெருவில் வேறொருவரைப் பார்க்கலாம். மலையில் இருப்பவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கு யார் இருக்கிறாரோ அவர்தான் மருத்துவர். அவருடைய அறிவு பழையதா புதியதா என்று சோதித்துப் பார்க்கும் வழி அந்த நோயாளிக்கு இல்லை. அவருக்காகச் சோதித்துப் பார்க்க வேண்டியது உரிமம் தரும் அமைப்பு. தேர்ந்தெடுக்க வழி குறையக் குறைய, உரிமத்தின் பொறுப்பு கூடுகிறது.

பாம்புக்கடி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கட்டுவிரியன் இரவில் வரும். தரையில் படுத்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் வலியே இருக்காது, பல் தடமும் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று வருவார்கள்; சற்று நேரத்தில் இமை தாழ ஆரம்பிக்கும். இதைப் படித்திராத மருத்துவர் வாயுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார். கண்ணாடிவிரியன் கடித்தால் இரத்தம் உறையாது. அதைக் கண்டறியப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். ஆனால் சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் முடிவு தவறிப்போகும். நச்சுமுறி மருந்தைத் தோலில் சிறிது ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் பழைய வழக்கம் பயனற்றது என்று கைவிடப்பட்டுவிட்டது. குழந்தை என்பதற்காக மருந்தின் அளவைக் குறைக்கக் கூடாது. பாம்பு குழந்தைக்கென்று நஞ்சைக் குறைத்து விடுவதில்லை. இவையெல்லாம் தேசிய வழிகாட்டு நெறிகளில் அச்சாகிவிட்டவை. இருபதாண்டுக்கு முன் பட்டம் பெற்றவர் இவற்றில் பலவற்றை வகுப்பில் வேறு விதமாகவே கேட்டிருப்பார். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கிய தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே பாம்பு பிடித்து எடுத்துத் தரும் நஞ்சிலிருந்துதான் நச்சுமுறி மருந்து பெரும்பாலும் உருவாகிறது. ஒரு பழங்குடியின் கைத்திறனில் பிறந்த மருந்து இன்னொரு பழங்குடியின் உடம்பில் சரியாக ஏற வேண்டும் என்றால், இடையில் நிற்கும் மருத்துவர் படித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அனுபவமே ஆசான், தனியாக வகுப்பு எதற்கு என்பார்கள். அனுபவம் தானாகவே அறிவைப் புதுப்பிக்கும் என்ற நம்பிக்கைக்குச் சான்று வலுவாக இல்லை. 2005-இல் ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ இதழில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்கு மேல், தொழிலில் ஆண்டு கூடக் கூடச் சிகிச்சையின் தரம் குறைவதையே காட்டின. அனுபவம் கையைப் பழக்கும். ஆனால் பழகிய பிழையையும் அது சேர்த்தே உறுதியாக்கும், பிழை என்று எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாதபோது. நகர மருத்துவமனையில் சக மருத்துவர் சொல்வார். மலைமேல் தனியாக இருப்பவருக்கு யார் சொல்வது?

மறுப்புகளில் கனமானது தொலைவு பற்றியது. 30 மணி நேரத்துக்கான கூட்டங்கள் சென்னையிலும் கோவையிலும் வேலூரிலும் நடக்கின்றன. புதூர்நாட்டு மருத்துவர் இரண்டு நாள் மலையிறங்கிப் போனால் புறநோயாளிகளை யார் பார்ப்பது என்று கேட்கிறார்கள். கஷ்டம் உண்மைதான். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்தது. சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் மேலே ஏற முடியாமல், அந்தத் தாய் உடலைக் கையில் சுமந்து நடந்து மலையேறினாள். அங்கே குழந்தையைக் கொன்றது சாலையின்மை; மருத்துவரின் படிப்பு அல்ல. மலையில் பணியாற்றுகிறவர் மீது நகரத்து விதியை அப்படியே சுமத்துவது கடுமைதான் என்பதை இந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இதிலிருந்து மலைக்கு விலக்கு என்ற முடிவுக்குப் போனால், நாட்டிலேயே மிக ஏழையான நோயாளிக்கு மிகப் பழைய வைத்தியம் என்று சட்டமே எழுதி வைத்ததாகிவிடும். அத்தனை தொலைவு தூக்கிவந்து சேர்த்த குழந்தைக்கு எதிரே நிற்பவர் நேற்றைய பாடத்தைச் சொல்லிக்கொண்டிருக்க நாம் அனுமதிக்கலாகாது. மருத்துவர் வகுப்புக்கு வர முடியாவிட்டால் வகுப்பு மலையேற வேண்டும். வேலூர் சி.எம்.சி. தொலைதூர முறையில் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பைப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. கொரோனா காலத்தில் இணையவழி வகுப்பு எல்லா மருத்துவருக்கும் பழகிவிட்டது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து மாதம் ஒருவர் மலைக்குப் போய் அரை நாள் இருந்து செய்முறை காட்டிவிட்டு வருவது அரசுக்கு ஆகாத காரியம் இல்லை.

இன்னொரு மறுப்பு, நட்சத்திர ஓட்டலில் மருந்துக் கம்பெனி வைக்கும் விருந்துதான் இன்றைக்குத் தொடர்கல்வி, அதற்குச் சான்றிதழ் வேறா என்பது. சீர்கேடு உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நெறிமுறைகளைத் திருத்தி, வெளிநாட்டில் இத்தகைய நிகழ்ச்சி நடத்துவதைத் தடுக்கும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. நிறுத்திவைக்கப்பட்ட 2023 விதிகளும் கம்பெனிச் செலவில் நடக்கும் கல்விக் கூட்டங்களுக்கு மருத்துவர்கள் போகக் கூடாது என்றே சொல்லின. கள்ள நோட்டு இருப்பதால் பணத்தையே ஒழித்துவிட முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகும் கூட்டத்தால் பயன் இல்லை என்பது தெரிந்ததே. சொற்பொழிவு கேட்பதால் மட்டும் சிகிச்சை முறை பெரிதாக மாறுவதில்லை என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. அப்படியானால் மணிக்கணக்கோடு செய்முறையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கண்ணாடிக் குழாயை எப்படிக் கழுவ வேண்டும் என்று செய்துகாட்டியவருக்கே கிரெடிட் என்று வைக்க வேண்டும்.

கட்டாயப்படுத்தினால் யாரும் கற்க மாட்டார்கள், மனம் வர வேண்டும் என்பதும் ஒரு வாதம். அதற்கு நெடிய பதில் தேவையில்லை. அபாயகரமான பொருள் ஏற்றும் டேங்கர் லாரி ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது புத்தாக்கப் பயிற்சி எடுத்தாக வேண்டும். விமானிக்கு ஆண்டில் இரண்டு முறை திறன் சோதனை நடக்கிறது. பிரிட்டன் 2012 டிசம்பர் முதல் தன் மருத்துவர்களின் தகுதியை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்கிறது. ஓட்டுநரின் மனத்தை எவரும் கேட்பதில்லை. வண்டியில் உள்ளதன் அபாயத்தையே பார்க்கிறோம். உயிரைக் கையில் எடுப்பவருக்கு அதைவிடத் தளர்ந்த விதி இருக்க நியாயம் இல்லை.

தேசிய மருத்துவ ஆணையம் செய்ய வேண்டியது தெளிவு. 2023 ஆகஸ்ட் 23-இல் நிறுத்திவைத்தவற்றிலிருந்து தொடர்கல்விப் பகுதியை மட்டும் தனியே பிரித்து உடனே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். மூலப்பெயர் குறித்த சண்டை தன் வழியில் நடக்கட்டும். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், புதூர்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடக்கும் அரை நாள் வகுப்பையும் சென்னை மாநாட்டுக்கு இணையாகக் கணக்கில் ஏற்க வேண்டும். அந்த வகுப்பை நடத்தும் செலவு மாநில அரசுடையது. அதற்குப் பிறகும் ஐந்தாண்டில் முப்பது மணி நேரம் ஒதுக்க முடியாதவர் மலையில் இருந்தாலும் சமவெளியில் இருந்தாலும், அவருடைய உரிமம் புதுப்பிக்கப்படக் கூடாது.