சொல்லப்படாத மறுப்பு

மறுப்பு என்பது இரண்டு பேருக்கு இடையே நிகழ்வது. 'இந்தப் படம் உனக்கு வேண்டாம்' என்று தகப்பன் சொல்லும்போது, மறுக்கப்பட்ட பொருள் ஒன்று இருக்கிறதென்று குழந்தைக்குத் தெரிகிறது. மறுத்தவர் யாரென்றும் தெரிகிறது. ஏன் என்று கேட்க எதிரே ஒரு முகம் இருக்கிறது. பதில் சொல்லத் திணறும் சங்கடம் தகப்பனுக்கு. குழந்தை வளர்ப்பில் தார்மீகம் என்று ஏதும் இருந்தால் அது இந்தச் சங்கடத்தில்தான் ஆரம்பமாகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

நெட்ஃப்ளிக்ஸ் போன்ற ஓடிடி தளங்களில் உள்ள 'பேரன்டல் லாக்' இந்தச் சங்கடத்திலிருந்து பெற்றோரை விடுவிக்கிறது. மத்திய அரசு 2021இல் வகுத்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இத்தளங்களின் படங்களும் தொடர்களும் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்து வகை. யு/ஏ 13+ முதல் அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பூட்டு வசதி கட்டாயம். வகை பிரிப்பது தணிக்கைக் குழு அல்ல, படத்தை வழங்கும் கம்பெனியே. பெற்றோர் நான்கு இலக்க எண் ஒன்றைப் பதிந்தால் போதும். குழந்தைக்கென்று தனி ப்ரொஃபைல் திறந்துவிட்டால், அனுமதியில்லாத படங்கள் பட்டியலிலேயே தென்படுவதில்லை. மறுத்தவரும் இல்லை, மறுக்கப்பட்டதும் இல்லை. கேள்விக்கு எங்கே இடம்?

பாதுகாப்பே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. கே. ஏ. அப்பாஸ் வழக்கில் 1970இல் உச்ச நீதிமன்றம் தணிக்கையை ஏற்றபோது, மற்றக் கலைகளைவிட சினிமா உணர்ச்சிகளை ஆழமாகக் கிளறுகிறது, குழந்தைகள்மீது அதன் பாதிப்பு அதிகம் என்ற காரணத்தைச் சொன்னது. அது இன்றும் செல்லும். ஆனால் பாதிப்பு காட்சியை மட்டும் பொறுத்ததா? செங்கல்பட்டு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. துகிலுரிதலையும், விழாவின் கடைசியில் படுகளத்தில் மண்ணாலான துரியோதனன் வீழ்த்தப்படுவதையும் சின்னக் குழந்தைகளும் பார்க்கின்றன. எந்த அதிகாரியும் இவற்றுக்கு 'யு' தரமாட்டார். ஆனால் குழந்தை பாட்டியின் மடியில் இருக்கிறது. பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். எதற்கு அஞ்சுவது, எதற்குக் கலங்குவது என்பதைக் குழந்தை அவள் முகத்திலிருந்தும் கற்றுக்கொள்கிறது.

இதிலிருந்து, பெற்றோர் கூடவே உட்கார்ந்து பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். திருக்கழுக்குன்றத்திலிருந்து மறைமலை நகருக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிற தாயிடம் அப்படிச் சொல்வது ஓய்வுள்ளவனின் உபதேசம். அவள் இல்லாத வீட்டில் குழந்தையிடம் போன் இருக்கிறது. அவளுக்குப் பூட்டு அவசியம். கேள்வி, அந்தப் பூட்டு அவளுடைய பிரதிநிதியா, அல்லது அவளுடைய இடத்தையே எடுத்துக்கொள்கிறதா என்பது.

பிரதிநிதியாக இருக்க வேண்டுமானால், பூட்டு இருப்பது குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வேலை பார்க்கும் துறையிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பத்து வயது நிரம்பியவர்கள் தங்கள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2025ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. எவ்வளவு தொகை வரை என்ற வரம்பை வங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நிபந்தனைகளைக் கணக்குதாரருக்கு, அதாவது அந்தப் பிள்ளைக்கு, தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய் விஷயத்தில் நாம் காட்டும் இந்த மரியாதையை, ஒரு மனம் எதைப் பார்க்கலாம் என்ற விஷயத்தில் ஏன் காட்டுவதில்லை? எதைப் பூட்டியிருக்கிறோம், எதற்காக, எப்போது திறப்போம் என்று சொல்லிவிட்டால் போதும். பதின்மூன்று, பதினாறு என்று விதி பொதுவாகத்தான் சொல்ல முடியும். இந்தக் குழந்தைக்கு எப்போது என்பதை அதன் முகத்தைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

நான்கு இலக்கத்தைக் குழந்தை ஒருநாள் கண்டுபிடித்துவிடும். பெரும்பாலும் அது யாராவது ஒருவருடைய பிறந்த வருஷம். யாரும் வாய் திறந்து மறுக்காத வீட்டில், அன்று அது ஒரு கருவியை ஜெயித்திருக்கும், அவ்வளவுதான். அம்மா சொல்லிவிட்டுப் போன வீட்டில், ஷிஃப்ட் முடிந்து அவள் திரும்பும்போது அவள் முகத்தைப் பார்க்க அதற்குக் கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டத்தை எந்தக் கம்பெனியாலும் தயாரித்துத் தர முடியாது.