ஈரச் சுவரும் இருவர் கடமையும்

வங்காள விரிகுடாவின் மணற்கரைக்கும் மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பரப்புக்கும் நடுவே, ஒடுங்கிய நிலப்பட்டை ஒன்றின் மீது, களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் இடைப்பட்டு அமைந்த பெரியகல்லாறு, நீரின் தயவால் வாழ்ந்து நீரின் சீற்றத்தையும் காலந்தோறும் சகித்து வந்த ஊர்களுள் ஒன்றாகும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவி கடலோடு கலக்கும் வாய்களுள் ஒன்று வடக்கே பாலமீன்மடுவிலும் மற்றொன்று தெற்கே கல்லாற்றிலும் அமைந்திருத்தலின், வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையின் வயல்களையும் குளங்களையும் நிரப்பிப் பெருகி வரும் மாரி வெள்ளம், முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து வழிவிடும் வரையில் வாவியோரத்துத் தாழ்ந்த வளவுகளில் ஏறித் தங்குவது இயற்கை. 1957 டிசம்பர் பெருவெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 2004 டிசம்பர் 26 கடற்கோள், 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த இரு வெள்ளங்கள் என்று, மட்டக்களப்பு மாவட்டத்து முதியோர் தம் வயதையே இத்தகைய அனர்த்தங்களைக் கொண்டு கணக்கிட்டுச் சொல்லுமளவுக்கு அவை மக்களின் நினைவில் பதிந்துள்ளன.

வெள்ளம் நிற்கும் நாட்களில் மனிதரின் தருமசிந்தை நன்கு விழித்திருக்கிறது. பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் திறக்கப்படுகின்றன. சமைத்த உணவு வீடு வீடாகச் செல்கிறது. அறிமுகமில்லாதவரின் குழந்தையைத் தோளில் சுமந்து மேட்டு நிலம் சேர்ப்பவரை எவ்வூரிலும் காணலாம். ஆனால் நீர் வடிந்து, வண்டல் கழுவப்பட்டு, ஊர் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று யாவரும் எண்ணும் வேளையில், சுவரின் அடிப்பாகத்தில் கருமையாகவும் பச்சையாகவும் மெல்லப் படரத் தொடங்கும் பூஞ்சணத்தைப் பற்றி விசாரிப்பார் எவரும் இலர். அது படர்ந்த வீடு சொந்த வீடாயின், துன்பமும் பரிகாரமும் ஒருவரையே சாரும். வாடகை வீடாயின், சுவர் ஒருவருடையதாகவும் அதனருகே படுத்துறங்கும் குழந்தை மற்றொருவருடையதாகவும் இருத்தலின், அங்கே ஓர் அறப் பிரச்சினை எழுகிறது. அப்பிரச்சினையை நிதானமாக ஆராய்வதே இங்கு நோக்கம்.

முதலில் அந்த ஈரத்தின் இயல்பை அறிதல் வேண்டும்; ஏனெனில் காரணத்தை அறியாமல் பொறுப்பைப் பகிர்ந்தால் அது நியாயமாகாது. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் காரைப் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. நீர் நின்ற மட்டத்துக்கு மேலும் ஈரத்தை உறிஞ்சி ஏற்றும் தன்மை அவற்றுக்கு உண்டு. மெத்தை, புத்தகம், ஒட்டுப்பலகை அலுமாரி முதலியவற்றில், நனைந்த ஓரிரு நாட்களுக்குள்ளேயே பூஞ்சணம் வேர்கொள்ளத் தொடங்கிவிடும். சுவரில் அது சற்றுத் தாமதித்து வந்தாலும், வந்த பின் எளிதில் அகலாது. மேலும் வாவி நீர் உவர் கலந்ததாதலின், நீர் ஆவியான பின்னரும் உப்பு காரைக்குள்ளேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொண்டே இருக்கும். ஆகவே மழை பெய்யாத இரவிலும் அச்சுவர் நனைந்ததுபோலவே காணப்படும். மாரி மழை ஓய்ந்தபின் கோடை முற்றி, கச்சான் காற்று வீசத் தொடங்கும் வரையில் சுவரின் உட்பகுதி முற்றாக உலர்வதற்கு அவகாசம் கிடைப்பதும் அரிது. ஆகவே வெள்ளம் சில நாள் விருந்தாளியாக வந்து போயினும், அது விட்டுச்சென்ற ஈரம் பல மாதம் குடியிருக்கிறது.

இனி, இவ்வீடுகளை வாடகைக்கு விடுபவர் யார், அவற்றில் வாழ்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். மட்டக்களப்புத் தமிழரிடையே வீடு பெரும்பாலும் பெண்வழிச் செல்லும் சொத்து. மகள் பிறந்த நாள் தொடங்கி அவளுக்கென ஒரு வீடு எழுப்ப வேண்டும் என்ற கவலை பெற்றோருக்கு உண்டாகிறது. மணமான பின் கணவன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வதே மரபு. மகள் படிக்கும் காலத்திலோ, வெளிநாட்டில் வாழும் காலத்திலோ, அவ்வீடு வாடகைக்கு விடப்படுவதும், அவ்வாடகை எஞ்சிய கட்டட வேலைக்கோ சீதனத்துக்கோ சேர்த்துவைக்கப்படுவதும் உண்டு. மறுபுறத்தில் வாடகைக்கு வருபவர் இடமாற்றம் பெற்று வந்த ஆசிரியராகவோ, வைத்தியசாலை ஊழியராகவோ, வங்கி உத்தியோகத்தராகவோ, சொந்த நிலமில்லாத கூலித் தொழிலாளியாகவோ இருப்பர். ஆதலின் இவ்வழக்கில் செல்வந்தன் ஒருவனை ஒரு தட்டிலும் ஏழை ஒருவனை மறு தட்டிலும் நிறுத்தித் தீர்ப்புச் சொல்வது எளிதன்று. சிக்கனத்தால் வாழும் இரு குடும்பங்கள் ஒரே சுவரின் இரு புறத்திலும் நிற்கின்றன.

வீட்டுச் சொந்தக்காரர் தம் பக்கத்தில் மூன்று நியாயங்களைச் சொல்வர். வெள்ளத்தை அவர் வரவழைக்கவில்லை என்பது முதலாவது. கிடைக்கும் வாடகை சொற்பமாயிருக்க, காரையை உடைத்துப் புதுப்பிக்கும் செலவு பல மாத வாடகையை விழுங்கிவிடும் என்பது இரண்டாவது. யன்னல்களை அடைத்து, ஈரத் துணிகளை உள்ளே உலர்த்தி, காற்றோட்டமின்றி வாழ்ந்தமையாலேயே பூஞ்சணம் படர்ந்தது என்பது மூன்றாவது. இவற்றுள் எதையும் அலட்சியமாகத் தள்ளிவிடுதல் ஆகாது.

முதல் நியாயம் உண்மையானது; ஆயினும் அது வேறொரு கேள்விக்கு உரிய விடை. அனர்த்தத்துக்குக் காரணமாயிருத்தல் வேறு, அனர்த்தத்தின் பின் பொருளைச் சீர்செய்யும் கடமை வேறு. வாடகை என்பது நான்கு சுவர்களுக்கும் கூரைக்கும் கொடுக்கப்படும் கூலியன்று. அவற்றினுள்ளே ஆரோக்கியமாக வாழக்கூடிய நிலைக்குக் கொடுக்கப்படும் பிரதியுபகாரம். அந்நிலை எவர் குற்றமுமின்றி அழிந்துபோயினும், அழிந்த பொருளுக்கு முழு விலை வாங்குவது நியாயமாகாது. இக்கருத்து புதிதாக எவரோ கண்டுபிடித்த ஒன்றன்று. 6ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் ஆணையால் தொகுக்கப்பட்ட உரோம சட்டத் திரட்டில், ஆற்றுப் பெருக்கு போன்ற எதிர்த்து நிற்க முடியாத சக்தியால் குத்தகை நிலத்துக்கு நேரும் சேதத்தின் சுமை நிலத்துச் சொந்தக்காரனையே சாரும் என்ற விதி பதிவாகியுள்ளது. அம்மரபே ஒல்லாந்தர் வழியாக உரோம-டச்சுச் சட்டமாக இலங்கைக்கு வந்து, இன்றும் இந்நாட்டின் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையாக நிற்கிறது. மட்டக்களப்புக் கோட்டையை 1638இல் கைப்பற்றிய ஒல்லாந்தரின் ஆட்சி மறைந்து நூற்றாண்டுகள் சென்ற பின்னும், அவர்கள் விட்டுச்சென்ற இந்நியாயம் வாவிக்கரையிலுள்ள ஒரு வாடகை வீட்டுக்கும் பொருந்துவதாக உள்ளது.

இரண்டாவது நியாயம் இரக்கத்துக்குரியது. எனினும் அதனால் கடமை நீங்கிவிடாது, கடமையை நிறைவேற்றும் முறை மாத்திரமே மாறும். செலவழித்துச் சீர்செய்த சுவர் இறுதியில் சொந்தக்காரரின் சுவராகவே நிலைத்திருக்கிறது. அவருடைய மகள் நாளை வந்து வாழப்போகும் வீடும் அதுவே. வாடகைக்கு இருப்பவரோ, தம் கைப்பணத்தைச் செலவிட்டுச் சுவரைச் சீர்செய்தாலும், வீட்டை விட்டுச் செல்லும்போது அதில் ஒரு பிடி காரையையும் எடுத்துச் செல்லப் போவதில்லை. நன்மை எவரிடம் நிலைக்கிறதோ அவரே செலவின் பெரும்பகுதியை ஏற்பது முறை. கையில் பணமில்லாத சொந்தக்காரர், வேலையைப் பகுதி பகுதியாகச் செய்விக்கலாம். வாடகைக்கு இருப்பவர் சம்மதித்தால் அவர் செய்யும் செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஈரம் உலரும் வரையில் வாடகையைக் குறைக்கலாம். பாழான அறைக்கு வாடகையே வாங்காமல் விடலாம். இவற்றுள் ஒன்றையும் செய்யாமல் முழு வாடகையையும் மாதந் தவறாமல் பெற்றுக்கொள்வதே அநீதியின் தொடக்கம்.

மூன்றாவது நியாயத்தில் வாடகைக்கு இருப்பவரின் கடமையும் அடங்கியுள்ளது. வெயில் எறிக்கும் நேரத்தில் கதவு யன்னல்களைத் திறந்துவைத்தல், அலுமாரியையும் கட்டிலையும் சுவரினின்று தள்ளி வைத்தல், நனைந்த மெத்தையை மனமிரங்கி வைத்துக்கொள்ளாமல் அப்புறப்படுத்தல், கறுப்புப் படலம் முதன்முதல் கண்ணில் பட்டபோதே சொந்தக்காரருக்கு அறிவித்தல் ஆகியவை அவருடைய தருமம். அறிவிக்காமல் பல மாதம் பொறுத்திருந்து, சேதம் முற்றிய பின் சொல்லாமற் கொள்ளாமல் வாடகையை நிறுத்திவிடுவதும் நேர்மையாகாது. ஆயினும் இங்கே ஓர் உண்மையை மறத்தலாகாது: பலர் அறிவிக்காமலிருப்பது அசிரத்தையால் அன்று, அச்சத்தால். குறை சொன்னால் வீட்டைவிட்டு எழும்பச் சொல்வர், முற்பணத்தைத் திருப்பித் தரத் தாமதிப்பர், வெள்ளத்தின் பின் வேறு வீடு கிடைப்பதும் அரிது, பாடசாலை தொடங்கும் தை மாதத்தில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எங்கே போவது என்ற எண்ணங்களே அவர்களின் வாயை அடைக்கின்றன. அச்சத்தால் எழும் மௌனத்தைச் சம்மதமென்று கொள்வது பலமுடையவர் செய்யும் தவறு. எனவே, வெள்ளம் வடிந்ததும் அழைப்பில்லாமலே சென்று சுவரைப் பார்த்து விசாரிக்கும் கடமை சொந்தக்காரருக்கே முதலில் உரியது.

பூஞ்சணத்தை வெறும் அழகு பற்றிய விஷயமென்று எண்ணுவோரும் உளர். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, தொய்வு முதலிய சுவாச நோய்கள் அதிகமாக உண்டாகின்றன என்று தெளிவாகக் கூறுகிறது. இங்கிலாந்தில் ரோச்டேல் என்னும் நகரில் அவாப் இஷாக் என்ற குழந்தை, 2 வயது நிறைந்த சில நாட்களுள், 2020 டிசம்பரில் இறந்தது. நீண்ட காலம் பூஞ்சணம் நிறைந்த வீட்டில் வாழ்ந்தமையே அம்மரணத்துக்குக் காரணமென்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். குழந்தை பிறப்பதற்கு முன்பே, 2017இல், தந்தை முறையிட்டபோது அவருக்குக் கிடைத்த யோசனை, பூஞ்சணத்தின் மீது வர்ணம் பூசிக்கொள்ளுமாறு கூறுவதாகவே இருந்தது. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் சட்டம் 2023இல் நிறைவேறி, சமூக வீடமைப்புக்குரிய வீடுகளில் இத்தகைய ஆபத்தைக் குறித்த காலத்துக்குள் நீக்க வேண்டுமென விதித்தது. செல்வமும் சட்டமும் நிறைந்த நாட்டில் ஒரு குழந்தையின் உயிரைக் கொடுத்தே இந்த அறிவு பெறப்பட்டதாயின், வாவிக்கரையில் வாழ்வோர் அதே விலையைக் கொடுத்தே அதைக் கற்க வேண்டுமென்பதில்லை.

வர்ணம் பூசுதல் என்ற அச்செயலைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் இவ்விஷயத்தில் மிகப் பெரிய குற்றம் அதனுள்ளேதான் ஒளிந்திருக்கிறது. ஈரம் உலராத சுவரின் மீது நெருக்கமான வர்ணத்தைப் பூசினால், ஈரம் வெளியேறும் வழி அடைபடும். சில மாதங்களில் வர்ணம் கொப்புளித்து உரிய, அதன் பின்னால் பூஞ்சணம் முன்னிலும் அதிகமாகப் படர்ந்திருக்கும். அறியாமையால் இதைச் செய்பவர் மன்னிக்கத்தக்கவர். ஆனால், பழைய குடும்பம் இருமலோடு வெளியேறிய பின், சுவரில் நீர் நின்ற கோட்டை வெள்ளையடித்து மறைத்து, கைக்குழந்தையோடு வரும் புதிய குடும்பத்திடம் நல்ல வீடென்று சொல்லி முற்பணம் பெறுபவர் செய்வது வஞ்சனை. சீர்செய்யாமை ஒரு கடமையில் தவறுதல். மறைத்தலோ, தீர்மானிக்கும் உரிமையையே மற்றவரிடமிருந்து திருடுதல். இந்த வீட்டில் வெள்ளம் ஏறியது, இவ்வளவு உயரம் நின்றது, இன்னது செய்திருக்கிறோம், இன்னது செய்யவில்லை என்று சொல்லிவிட்டு வாடகையைப் பேசும் ஏழைச் சொந்தக்காரர், அழகுபடுத்தி மறைக்கும் செல்வரைக் காட்டிலும் அறத்தால் உயர்ந்தவர். அவ்வாறே, இருந்த வீட்டின் குறையைத் தமக்குப் பின் வருபவருக்குச் சொல்லாமல் போகும் பழைய குடியிருப்பாளரும் அக்குற்றத்தில் ஒரு பங்கு கொள்கிறார்.

ஆகவே செய்யத்தக்கது யாது? நீர் வடிந்தவுடன் இரு தரப்பாரும், இயன்றால் அயலிலுள்ள பொதுவான ஒருவரும் சேர்ந்து வீட்டைப் பார்வையிட்டு, நீர் நின்ற மட்டத்தையும் சேதத்தையும் திகதியிட்டு எழுதிக்கொள்வது நலம். பின்னால் எழும் பிணக்குகளுட் பல அந்த ஒரு தாளால் தீர்ந்துவிடும். ஊறிப் பொருக்கெழுந்த காரையை நீர்மட்டத்துக்குச் சற்று மேல்வரை உடைத்து நீக்கி, சுவரைக் காற்றாட விட்டு, நன்கு உலர்ந்த பின்னரே பூச வேண்டும். ஈரத்தை வெளிவிடும் சுண்ணாம்புப் பூச்சு பூஞ்சணத்துக்கு இடங்கொடாதென்பது நம் முன்னோர் அனுபவத்தில் கண்டது. தொய்வுடையோரும் குழந்தைகளும் அவ்வேலை நடக்கும் இடத்தில் இருத்தல் ஆகாது. அனர்த்தத்துக்கான உதவி வந்து சேர்ந்தால், வீட்டுச் சேதத்துக்குக் கிடைப்பது வீட்டிலேயே செலவாக வேண்டும். வீட்டுப் பொருட்களுக்குக் கிடைப்பது அவற்றை இழந்த குடும்பத்தையே சேர வேண்டும். இணக்கம் ஏற்படாவிடின், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபையை நாடலாம். அயலவராகத் தொடர்ந்து வாழ வேண்டிய இருவருக்கு நீதிமன்றப் படியைவிட அச்சபையின் வாசல் ஏற்றது.

வெள்ளத்துக்கு எவரும் பொறுப்பாளி அல்லர்; வெள்ளம் போன பின் சுவரில் தங்கும் ஈரத்துக்கோ பொறுப்பாளிகள் உண்டு. சுவரைச் சீர்செய்தல் அதற்கு உரியவரின் கடன். அதைப் பேணலும் குறையை உடனே அறிவித்தலும் அதனுள் வாழ்பவரின் கடன். உண்மையை மறையாமை இருவர்க்கும் பொதுவான கடன். அடுத்த மாரி வருமுன், வாடகைக்கு வீடு விட்டிருக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை அவ்வீட்டுக்குச் சென்று, சுவரின் அடியில் கைவைத்துப் பார்த்து, அங்கே உறங்கும் குழந்தைகளுக்கு இருமல் உண்டா என்று கேட்பாராக. ஈரம் இருக்கக் கண்டால், அது உலரும் வரையில் முழு வாடகையை வாங்காதிருப்பாராக.