கேள்வி கேளுங்கள், முதலாளி நீங்கள்தான்!

“எனக்கு கம்ப்யூட்டரெல்லாம் தெரியாதுங்க. எல்லாத்தையும் அந்தத் தம்பி பார்த்துக்குவார்.”

திருப்பூரிலும் கோவையிலும் சிவகாசியிலும் தொழில் நடத்தும் எத்தனையோ பேர் இதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். நூல் விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் ஏறினாலும் மில்காரரை விடாமல் கேட்பவர்கள் இவர்கள். சாயத்தில் ஒரு ஷேடு மாறினால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பும் துணிச்சல்காரர்கள். அப்படிப்பட்டவர்கள் தங்கள் கணக்கு முழுவதும் அடங்கிய கம்ப்யூட்டருக்கு முன்னால் மட்டும் கைகட்டி நிற்பதா? கூடாது! கூடவே கூடாது!

உலகம் பட்ட அடியைப் பாருங்கள். 2021 ஜூலையில் சுவீடனின் கூப் பல்பொருள் அங்காடி நிறுவனம் சுமார் 800 கடைகளை மூட நேர்ந்தது. திருடர்கள் குறிவைத்தது கூப்பை அல்ல, கசேயா என்ற மென்பொருளை. வெளியிலிருந்து கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஐ.டி. நிறுவனங்கள் பயன்படுத்தும் மென்பொருள் அது. அதன் வழியாக, தகவலைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் நுழைந்ததும் கூப்பின் பில்லிங் கவுண்டர்கள் முடங்கின. நம் நாட்டில் 2024 ஜூலையில், சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் ரான்சம்வேரில் சிக்கியது. தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதன் இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் தவித்துப்போனார்கள். ஓட்டை விழுந்தது வேறொருவர் சுவரில். வியாபாரம் நின்றது இவர்கள் வாசலில்.

அதற்காக வெளியாள் உதவியே வேண்டாம் என்று ஒதுங்காதீர்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் நிறுவனம் தனியாக ஒரு பாதுகாப்பு நிபுணரைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. நல்ல ஐ.டி. சப்போர்ட் உங்களுக்குப் பெரிய பலம். அந்தப் பலத்தை வேலை வாங்கத் தெரிந்துகொள்ளுங்கள்! உங்கள் ஐ.டி. தம்பியை எதிரே உட்காரவைத்து ஒரு பட்டியல் போடச் சொல்லுங்கள். டேலி பார்ட்னர், ஆடிட்டர் ஆபீஸ், வெப்சைட் செய்தவர், சிசிடிவி மாட்டியவர் என ஒருவர் விடாமல் எழுதட்டும். யார், எந்த லாகினில், எதுவரை உள்ளே வர முடியும்? பட்டியலில் அவர் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

பிறகு அக்கவுண்ட்ஸ் அறைக்குள் போங்கள். வெளியிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க வழிவிடும், இரவும் பகலும் திறந்தே கிடக்கும் எனிடெஸ்க். அதற்கு மாறாத ஒரு பாஸ்வேர்டு. மானிட்டர் ஓரத்தில் அதை எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு. மூன்றையும் அன்றைக்கே ஒழித்துக்கட்டுங்கள்! உங்கள் ஊழியர் அனுமதி கொடுத்தால்தான் வெளியாள் உள்ளே வர வேண்டும். வேலை முடிந்ததும் இணைப்பை மூட வேண்டும். ஆளுக்கொரு லாகின், அதற்கு ஓடிபி போன்ற இரண்டாவது பூட்டு. வேலையை விட்டுப் போனவரின் லாகினை அன்று மாலையே முடக்குங்கள். உங்கள் வெப்சைட்டின் டொமைன் உங்கள் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். “பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது” என்று சப்ளையரிடமிருந்து மெயில் வந்தால், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

“பேக்கப் இருக்கு சார்” என்ற பதிலோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். “போன மாத பில் ஒன்றை பேக்கப்பிலிருந்து என் கண்முன்னே எடுத்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். 2017இல் உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவிய நாட்பெட்யா என்ற நாசகார மென்பொருள், மெர்ஸ்க் என்ற கப்பல் சாம்ராஜ்யத்தையே சாய்த்தது. நெட்வொர்க்கின் அடித்தளமான தகவல் எங்கே தப்பியிருந்தது தெரியுமா? கானாவில், மின்தடையால் அணைந்து கிடந்த ஒரே ஒரு சர்வரில்! அதை வைத்துக்கொண்டு 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் பத்தே நாளில் மீண்டும் நிறுவினார்கள். அவர்களுக்கு அது அதிர்ஷ்டத்தால் கிடைத்தது. நீங்கள் திட்டமிட்டே ஒரு பிரதியை நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வையுங்கள்.

சட்டமும் உங்களைத்தான் கேட்கும். வாடிக்கையாளர் தகவலை உங்களுக்காக வேறொருவர் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதே என்கிறது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடமுண்டு. சைபர் தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தனக்குத் தகவல் தர வேண்டும் என்பது மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு. ஆகவே, உங்கள் வெண்டரின் பக்கம் தப்பு நடந்தால் உடனே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

இத்தனையும் கேட்டால் ஐ.டி. தம்பி கோபித்துக்கொள்வாரே என்று தயங்குகிறீர்களா? வேலை தெரிந்தவர் கேள்வியை வரவேற்பார். கேள்விக்கே முகம் சுளிப்பவரிடம் சாவியைக் கொடுத்து வைத்திருப்பதுதான் ஆபத்து.

எல்.சி. என்றால் என்ன, ஷிப்பிங் பில் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டா தொழிலுக்கு வந்தீர்கள்? பேங்க் மேனேஜரிடமும் ஏஜென்டிடமும் வெட்கப்படாமல் கேட்டுக் கேட்டுத்தானே கற்றீர்கள்! கேட்கத் தெரிந்த அந்த வாய் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. போனை எடுங்கள். ஐ.டி. தம்பியை நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். அவர் பட்டியல் போடும்போது நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, புரியும்வரை கேளுங்கள். உங்கள் உழைப்பில் எழுந்த நிறுவனத்தைக் காக்கும் தகுதி உங்களுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?