மண்வெடிப்பிலிருந்து நீண்ட கை

சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1937-இல் திறக்கப்பட்டது. உயிரை மாய்த்துக்கொள்ள அங்கே வருபவர்களைக் காக்க அதன் இரு பக்கமும் எஃகு வலை கட்டி முடித்தது 2024 ஜனவரியில். இடையில் கழிந்த எண்பத்தாறு ஆண்டுகளில் வலை வேண்டாம் என்றவர்கள் பல காரணங்கள் சொன்னார்கள். பாலத்தின் அழகு கெடும், காற்றுக்குத் தாங்குமா, பணம் எங்கிருந்து வரும் என்றார்கள். இவையெல்லாம் பொறியாளரும் நிர்வாகமும் பேசித் தீர்த்துக்கொள்ளக்கூடியவை. தீராத ஒன்று மட்டும் அடியில் கிடந்தது: சாகத் துணிந்தவனை வலை கட்டியா நிறுத்துவது, இங்கே முடியாவிட்டால் வேறெங்கோ போகப்போகிறான். ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் 1978-இல் இதற்கு விடை தேடினார். 1937 முதல் 1971 வரை அந்தப் பாலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று பதிவேடுகளைப் புரட்டினார். ஏறக்குறைய 94 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். இந்த எண் கைக்கு வந்த பிறகும் வலைக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. பணத்தட்டுப்பாட்டை மட்டும் வைத்து இவ்வளவு தாமதத்தை விளக்க முடியாது. ‘போகிறவன் போவான்’ என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் இருக்கிறது. நாம் அதை விதி என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

மன்னார்குடியைச் சுற்றியுள்ள நெல்வயல் நாட்டில் இந்தக் கேள்வி பாமணி ஆற்றுப் பாலத்தின் மேல் எழுவதில்லை. இங்கே தடுப்பு வேண்டியிருக்கும் இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குறுவைக்கும் சம்பாவுக்கும் வாங்கியதில் மிஞ்சியதை அடுத்த பருவத்துக்கு ஆகுமென்று எடுத்துவைக்கும் பூச்சிமருந்துதான் இந்த மண்ணின் கைப்பிடியில்லாப் பாலம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர், மகாராட்டிரத்துக்கு அடுத்த இடம். கடன், நோய், குடும்பச் சண்டை, தேர்வு, காதல் என்று காரணங்கள் பலவாகப் பதிவாகின்றன. அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் நாட்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடந்தவை. ஆனால் முடிவெடுத்த நேரம் வேறு. இலங்கையின் கிராமங்களில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் மருத்துவர்கள் விசாரித்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே யோசித்ததாகச் சொன்னார்கள். ஆண்டுக்கணக்கான துயரம், அரை மணி நேர முடிவு. நடுவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதே உயிரையும் சாவையும் பிரிக்கிறது. அந்த நடுவில் ஒரு தடுப்பை வைப்பது சமயத்துக்கு உகந்ததா, மனிதனின் விருப்பத்தில் தலையிடுவதா என்பது மருத்துவர்கள் மட்டும் பேசி முடிக்கக்கூடிய விஷயமில்லை.

நம் பக்கத்துக் கதை ஒன்றே இதற்குப் போதும். திருத்துறைப்பூண்டிக்கு அருகே கணமங்கலத்தில் வாழ்ந்தவர் தாயனார். செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் சிவனுக்கு நாள்தோறும் படைப்பவர். செல்வம் போயிற்று. நெல்லறுக்கும் கூலிக்குப் போனார். கூலியாகக் கிடைத்த செந்நெல் கடவுளுக்கு, மட்டமான நெல் தமக்கு. அதுவும் இல்லாத நாளில் கீரை, பிறகு வெறும் தண்ணீர். பசியால் தளர்ந்து வயல்வழியே கூடையைச் சுமந்து போனவர் ஒருநாள் கால் தடுமாறி விழுந்தார். படையல் முழுவதும் நிலவெடிப்பில் கொட்டிப் போயிற்று. இனி எதற்கு இருப்பது என்று அரிவாளை எடுத்துத் தன் கழுத்தில் வைத்தார். அப்போது அந்த வெடிப்பிலிருந்தே ஒரு கை நீண்டு அவர் கையைப் பிடித்தது. கூடவே உள்ளிருந்து மாவடுவைக் கடிக்கும் ஓசை. சேக்கிழார் அரிவாட்டாய நாயனார் என்று பாடியது இவரைத்தான். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் டெல்டா வயலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது வரிசை. கடவுள் முதலில் உபதேசம் செய்யவில்லை, வாழ்க்கையின் அருமையைச் சொல்லவில்லை, தாயனாரின் மனம் மாறட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. முதலில் கையைப் பிடித்தார். சமாதானமும் அருளும் அதற்குப் பின்னால் வந்தவை.

இந்தக் கதை தடுத்ததையா போற்றுகிறது, துணிந்ததையல்லவா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாயனாரின் பெயரிலேயே அந்த அரிவாள் இருக்கிறது. பெரியபுராணம் துணிவைப் போற்றுகிற நூல்தான். ஆனாலும் அது துணிவைப் போற்றிவிட்டு உயிரை விட்டுக்கொடுக்கவில்லை. தன் கண்ணைத் தோண்டப்போன கண்ணப்பரின் கையும் அப்படியே பிடிக்கப்படுகிறது. சுந்தரர் தம்மால் கலிக்காமர் வாளால் உயிர்விட்டார் என்று அறிந்து அதே வாளை எடுக்கும்போது, உயிர் மீண்ட கலிக்காமரே எழுந்து வாளைப் பற்றிக்கொள்கிறார். சைவத்தில் மட்டும் இல்லை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் காவிரிப்பூம்பட்டினத்து ஆதிரை, கணவன் சாதுவன் கடலில் இறந்தான் என்று கேள்விப்பட்டுத் தீயில் இறங்குகிறாள். தீ அவளைச் சுடவில்லை. கணவன் உயிரோடிருக்கிறான் என்று அசரீரி ஒன்று சொல்கிறது. பின்னாளில் அவன் திரும்பியும் வருகிறான். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவள் இந்த ஆதிரைதான். அவளைச் சாகத் தூண்டிய செய்தியே பொய் என்பதில் இருக்கிறது கதையின் கூர்மை. துயரத்தின் உச்சியில் நமக்குத் தெரிவது முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை; அது பொய்யென்று தெரியவரும்வரை அவள் உயிரோடிருக்க வேண்டியிருந்தது. தீ அந்த நேரத்தைக் கொடுத்தது. இந்தக் கதைகள் நடந்தவையா என்பது இங்கே வழக்கில்லை. தன் சிறந்த மனிதர்கள் சாவின் விளிம்பில் நிற்கும்போது கடவுள் என்ன செய்வார் என்று ஒரு சமூகம் கற்பனை செய்து வைத்திருக்கிறது. அந்தக் கற்பனையில் கடவுள் குறுக்கே வருகிறார்.

மனிதர்கள் குறுக்கே வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையை விடப் பெரிய சான்று உலகில் இல்லை. 1995-இல் அங்கே லட்சத்துக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. மிகக் கொடிய பூச்சிமருந்துகளை அந்நாட்டு அரசு 1980-களிலிருந்தே படிப்படியாக நிறுத்தி வந்தது. 1995-இலும் 1998-இலும் முக்கியமான தடைகள் வந்தன. 2008-இல் தொடங்கி 2011-க்குள் இன்னும் மூன்று மருந்துகள் விலக்கப்பட்டன. இருபது ஆண்டுகளில் விகிதம் எழுபது சதவீதத்துக்கும் மேல் இறங்கியது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் பிழைத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. இந்தக் காலத்தில் போர் நடந்தது, சுனாமி வந்தது, யாருடைய துயரமும் குறையவில்லை. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கைகூடக் குறைந்துவிடவில்லை. வந்தவர்கள் பிழைத்து வீடு திரும்பினார்கள், அவ்வளவுதான் மாறியது. நெல் விளைச்சலும் விழவில்லை. மருந்து போனால் பயிர் போகும் என்று பயந்தவர்களுக்கு அதுவே பதில்.

ஆனால் எந்தத் தடுப்பும் பலிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அதே இலங்கையின் அனுராதபுரத்தில் 180 கிராமங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதி ஊர்களில் வீட்டுக்கு வீடு பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்து, மருந்தை அதில் வைக்கச் சொன்னார்கள். 2017-இல் முடிவு வந்தது: பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் வித்தியாசமே இல்லை. பெட்டி வீட்டிலேயே இருந்தது, சாவியும் வீட்டிலேயே இருந்தது. கொள்ளிடம் கரைக்கு அப்பால், வீராணம் ஏரிப் பாசனத்துக் காட்டுமன்னார்கோயிலில் வேறு வழியில் முயன்றார்கள். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்போடு சேர்ந்து நடந்த வேலை அது. நான்கு ஊர்களை எடுத்து, இரண்டில் மட்டும் ஊருக்குப் பொதுவான கிடங்கு கட்டினார்கள். விவசாயி தன் மருந்தைத் தன் பெயருள்ள பெட்டகத்தில் வைத்துவிட்டு, தெளிக்கும் நாளில் வந்து எடுத்துக்கொள்வார்; கிடங்கில் ஓர் ஆள் இருப்பார். 2013-இல் வெளியான அறிக்கையின்படி கிடங்கு இருந்த ஊர்களில் பூச்சிமருந்துச் சாவுகள் மற்ற இரண்டைவிடக் குறைந்தன. ஊராரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். நான்கே ஊர் என்பதால் இதை வைத்து உலகத்துக்கெல்லாம் விதி செய்ய முடியாது. ஆயினும் அனுராதபுரத்தோடு சேர்த்து வாசித்தால் ஒன்று தெளிவாகிறது: தடுப்பு துயரப்படுபவரின் கைக்குள்ளேயே இருந்தால் பயனில்லை, இன்னொரு மனிதரிடம் நடந்து போக வேண்டியிருந்தால் பயன் உண்டு. அந்த நடையும், எதிரே நிற்கும் முகமும்தான் வேலை செய்கின்றன.

தன் உயிரை முடித்துக்கொள்ளும் உரிமை ஒருவருக்கு உண்டு, அதைக் கிடங்கு வைத்துத் தடுப்பது தலையிடுவதுதானே என்ற எதிர்வாதம் இங்கேதான் வருகிறது. நம் மரபே இதை ஒப்புக்கொண்டதென்றும் சிலர் சொல்வார்கள். உறையூர்க் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். மன்னார்குடியில் இன்றும் வழிபாடு நடக்கும் மல்லிநாதர் ஜினாலயத்தின் சமயமான சமணம், உண்ணாதிருந்து உயிர்விடும் சல்லேகனையை உயர்ந்த நோன்பாகக் கொள்கிறது. மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த நோன்புகளின் நிபந்தனைகளைப் பாருங்கள். சல்லேகனைக்குக் குருவின் அனுமதி வேண்டும், தீராத நோயோ முதுமையோ தவிர்க்க முடியாத இடரோ இருக்க வேண்டும், பகையும் பற்றும் கோபமும் தணிந்திருக்க வேண்டும், சங்கம் பார்த்துக்கொண்டிருக்கும். செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் நோற்றதைச் சொல்கிறது. ஐம்பத்தேழு நாளில் எத்தனை முறை மனம் மாறலாம்! கோப்பெருஞ்சோழனையும் புலவர்கள் சூழ்ந்திருந்தார்கள். பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேரும் அளவுக்கு அங்கே நேரம் இருந்தது. இந்த மரபுகளோடு நாம் முழுதும் உடன்பட வேண்டியதில்லை. 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலை என்றது, சில வாரங்களில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அந்த வழக்கு தனி. நமக்குத் தேவையான அளவில் ஒன்று உறுதி: சாவை அனுமதித்த சமயமும் அரை மணி நேரச் சாவை அனுமதிக்கவில்லை. நேரமும் சாட்சியும் கேட்டது. கிடங்கு கேட்பதும் அவற்றையே.

விதி என்ற வாதத்துக்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. குழந்தை விழாமலிருக்கக் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்புகிற எவரும் ‘ஆயுள் கெட்டியாக இருந்தால் விழாது’ என்று சும்மா இருப்பதில்லை. சைவ சித்தாந்தம் நுகர்ந்து தீர வேண்டிய பிராரத்தத்தோடு, இப்போது செய்துகொண்டிருக்கும் ஆகாமியத்தையும் சொல்கிறது. சுவர் கட்டுவதும் கட்டாமல் விடுவதும் அந்த இரண்டாவது கணக்கில் சேரும். திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்துவிட்டு ஆள்வினையுடைமைக்கும் தனி அதிகாரம் கொடுத்திருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களின் வேதத்தில் உபாகமம் இன்னும் நேராகச் சொல்கிறது: வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்க வேண்டும்; வைக்காமல் யாராவது விழுந்தால் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல். விழுந்தவன் ஏன் விழுந்தான், கவனமில்லாமலா துயரத்தாலா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. விளிம்பு யாருடையதோ, பொறுப்பும் அவருடையது.

மிகக் கடினமான எதிர்வாதம் வயலிலிருந்து வருகிறது. 2016-இல் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 வந்தும் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போயிற்று, செப்டம்பரில் தண்ணீர் விட்டும் சம்பா காய்ந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. கடனும் தண்ணீரும் கொள்முதல் விலையும் கொன்ற விவசாயியைப் பூச்சிமருந்து கொன்றது என்று எழுதினால் குற்றவாளி தப்பிக்கிறானே, கிடங்கு கட்டிவிட்டு நீதியைக் கைகழுவத்தானே இது? இந்தக் கோபம் சரி. தடுப்பைக் காட்டி கடன் தள்ளுபடியையோ காவிரிப் பங்கையோ தட்டிக்கழிக்கும் அரசை நம்பவே கூடாது. ஆனால் நீதி வரும்வரை உயிர்கள் போகட்டும் என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். நீதி கேட்க ஆள் இருக்க வேண்டும். தாயனார் கதைக்கு மறுபடி போனால், அவரை வறுமையில் தள்ளிச் சோதித்தவனும் வெடிப்பிலிருந்து கை நீட்டியவனும் ஒருவனே. மருந்துக்கு உரிமம் கொடுத்து ஊர் ஊராக விற்க விட்ட அரசுக்கும் அந்த இரண்டாவது கடமை இருக்கிறது.

அந்தக் கடமையை அரசு எவ்வளவு செய்திருக்கிறது? 2023-இல் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிமருந்துகளை அறுபது நாட்களுக்குத் தடை செய்தது, தற்கொலையைத் தடுக்கவே என்று வெளிப்படையாகச் சொல்லி. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் மாநிலத்துக்குத் தரும் அதிகாரம் தற்காலிகத் தடைக்கு மட்டும்தான். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில். அதே ஆண்டு மத்திய அரசு சிலவற்றை விலக்க ஆணையிட்டது. இன்னும் பல கடைகளில் இருக்கின்றன. ஆக டெல்லியில் நடக்க வேண்டியது ஒன்று. திருவாரூர் மாவட்டத்திலேயே நடக்கக்கூடியது இன்னொன்று: ஒவ்வொரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் காட்டுமன்னார்கோயில் மாதிரி ஒரு கிடங்கு, அதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்குத் துயரப்படுபவரிடம் நின்று பேசப் பயிற்சி. பேச வேண்டியவருக்கு மாநிலச் சுகாதார உதவிக்கான 104 எண்ணும், டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசியின் 14416 எண்ணும் இரவிலும் எடுக்கப்படுகின்றன; அந்த எண்களைக் கிடங்குக் கதவிலும் உரக்கடைப் பலகையிலும் பெரிதாக எழுதிவைக்கலாம். கட்டடத்துக்குச் சங்கத்தின் பழைய குடோனே போதும். ஆளின் சம்பளத்துக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் நிதி ஒதுக்க வேண்டும். நிதிநிலை அறிக்கைக் காலத்தில் மன்னார்குடியிலிருந்து போகும் கோரிக்கைப் பட்டியலில் தூர்வாரலுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அடுத்த வரியில் இதையும் எழுதலாம்.