சாலையில் இல்லாத மூன்றாமவர்

மணிமுத்தாறு அருவியைத் தாண்டி மாஞ்சோலைக்கு ஏறும் மலைச்சாலையில் பேருந்தும் ஜீப்பும் எதிரெதிரே வந்துவிட்டால் ஏதாவது ஒன்று பின்னால் நகர்ந்து வழிவிட வேண்டும். வண்டியில் எத்தனை பேர், எவ்வளவு பாரம், ஓட்டுபவர் நிதானத்தில் இருக்கிறாரா என்பதெல்லாம் அங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். மலையிறங்கினால் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், தென்காசி; அப்பால், ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள் புளியரை வழியாகக் கேரளத்துக்குப் போகும் சாலை. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமென்ன, தமிழ்நாட்டில் வண்டி ஓட்டும் எவருக்கும் சாலையின் எழுதப்படாத வழக்கம் தெரியும். கை காட்டி நிறுத்தினால் ஆர்.சி. புத்தகத்துக்குள் ஒரு நோட்டை மடித்து வைத்து நீட்டுவது, ‘ரசீது வேண்டாம்னா பாதி கொடு’ என்ற பேரம், மாதம் தவறாத மாமூல். காவலர் எல்லோரும் வாங்குகிறார்கள் என்பது அநியாயமான பேச்சு. வெயிலிலும் புகையிலும் நாளெல்லாம் நின்று நேர்மையாக வேலை பார்ப்பவர்களை அது அவமதிக்கும். ஆனால் ஒருவர் வாங்குவதைப் பார்த்து நம்மில் யாரும் திடுக்கிடுவதில்லை. கொடுத்தவருக்கு அபராதம் மிச்சம், வாங்கியவருக்கு வரவு, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் அறத்தின் முன் நிற்குமா என்பதுதான் கேள்வி.

மோட்டார் வாகனச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 திருத்தத்தின்படி, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டிக்கு 20,000 ரூபாய் அபராதம்; மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். இதை எல்லோரும் பேசுகிறார்கள். அதே பிரிவின் அடுத்த நிபந்தனையைத்தான் யாரும் பேசுவதில்லை: மிகுதிப் பாரத்தை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும். அபராதம் அரசுக்குப் போகிறது. பாரத்தை இறக்கச் சொல்வதோ எதிரே வருபவருக்காக. லாரி ஓட்டுநர் ஐந்நூறு கொடுத்து நகரும்போது அரசு இழப்பது பணம். பாரம் இறங்காமலே வளைவில் திரும்புவதால் வரும் ஆபத்து, டியூஷன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளையின் தலைக்கு மாறுகிறது. பேரம் நடந்த இடத்தில் அந்தப் பிள்ளை இல்லை. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். அத்தனை சாவுக்கும் லஞ்சத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் பாரம், போதை, வேகம், உரிமமின்மை ஆகியவற்றைத் தடுப்பதற்கென்றே சாலையில் நிறுத்தப்பட்டவர் அந்தத் தடையை விலைக்குக் கொடுத்தால், அவர் விற்பது தம்முடைய பொருளை அன்று. இருவருக்கும் லாபம் என்ற கணக்கில் விட்டுப்போன செலவு இதுதான்.

வாங்கியவருக்கு எதை அனுப்பி வைக்கிறோம் என்பதுகூடத் தெரியாமல் போகலாம். 1993 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் ராய்கட் மாவட்டத்தில், கடற்கரையில் இறங்கிய கடத்தல் சரக்கோடு வந்த வண்டிகளை ஸ்ரீவர்தன் காவலர்கள் இரவில் மறித்தார்கள்; பேரம் பேசினார்கள்; பேசிய தொகைக்கு ஈடாக வெள்ளிக் கட்டிகளை வாங்கிக்கொண்டு வழிவிட்டார்கள். அடுத்த மாதம் அதே மாவட்டக் கடற்கரையில் ஆர்.டி.எக்ஸ். இறங்கியது. மார்ச் 12 அன்று மும்பையில் 257 பேர் செத்தார்கள். அந்தக் காவலர்கள் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார்கள். குண்டு வைக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்க வேண்டியதில்லை. திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் இத்தகைய பேரத்தின் உள்ளடக்கம்; அதற்குத்தான் பணம். நெல்லைக்கு நெருக்கமான ஒன்றையும் நினைவில் கொள்ளலாம். 2024 டிசம்பரில் நடுக்கல்லூர், கோடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவக் கழிவுகள் குவிந்து கிடந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே கேரள அரசு அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றது. அதற்கு லஞ்சம்தான் காரணம் என்று இங்கே குற்றம் சாட்டவில்லை. மாநில எல்லையில் சோதனை என்று ஒன்று இருந்தும் அந்தக் குப்பை இத்தனை தூரம் வந்து சேர்ந்தது. சோதனை எக்காரணத்தால் தளர்ந்தாலும் சுமப்பவர் சாவடியில் நின்றவரல்லர், தாமிரபரணிக் கரையில் குடியிருப்பவர்.

வாங்கியவர் பக்கம் இப்படி. கொடுத்தவர்? இங்கே இரண்டு வகை லஞ்சத்தைப் பிரித்துப் பார்க்காமல் நியாயம் சொல்ல முடியாது. காப்பீடு, புகைச் சான்று, உரிமம் எல்லாம் சரியாக இருந்தும், ‘வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டு வா’ என்ற மிரட்டலுக்குப் பயந்து கொடுப்பவர் ஒருவர். அவருக்கு அன்றைய கூலி போய்விடும் என்ற அச்சம். குடித்துவிட்டு ஓட்டி, டி.டி. கேஸிலிருந்து தப்பிக்கக் கொடுப்பவர் இன்னொருவர். முதலாமவரிடம் பறிக்கிறார்கள், இரண்டாமவர் கூட்டுக் களவாணி. பொருளியலறிஞர் கௌசிக் பாசு 2011-இல், நியாயமாகக் கிடைக்க வேண்டியதைப் பெறுவதற்காகக் கொடுக்க நேர்ந்த லஞ்சத்தில் கொடுத்தவரைக் குற்றவாளியாக்கக் கூடாது, வாங்கியவரிடமிருந்து அப்பணத்தை மீட்டும் தர வேண்டும் என்று வாதாடினார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. ஆனாலும் பறிகொடுத்தவரையும் பங்காளியையும் ஒரே கூண்டில் நிறுத்தக் கூடாது என்ற அளவில் அவர் சொன்னது சரி. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டம் கொடுத்தவருக்கும் ஏழாண்டு வரை சிறை என்கிறது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் விலக்கு.

அந்த ஏழு நாள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை எண்ணிப் பார்க்கலாம். 1999 ஜூலை 23 அன்று கூலி உயர்வுக்காகவும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். காவல்துறை தடியடி நடத்த, தாமிரபரணியில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் இறந்தார்கள். 2024-இல் தேயிலைத் தோட்டத்தை நடத்திய நிறுவனம் விருப்ப ஓய்வு கொடுத்துத் தோட்டத்தை மூடத் தொடங்க, தலைமுறைகளாக மேலே இருந்தவர்கள் பிழைப்புத் தேடிச் சமவெளிக்கு இறங்கும் நிலை வந்தது. அப்படி இறங்கிய குடும்பத்துப் பையன் கடன் வாங்கி ஒரு லோடு ஆட்டோ ஓட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் காக்கிச் சட்டைக்கு எதிராக ஏழு நாளுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போய் எழுதிக் கொடுப்பான், மறுநாளும் அதே சாலையில் வண்டி ஓட்டுவான் என்று எதிர்பார்ப்பது ஏட்டுச் சட்டம். புகார் செய்யாததால் அவனும் குற்றவாளி என்பது கொடுமை. சட்டம் எப்படியிருந்தாலும், அறத்தின் கணக்கில் அவன்மேல் பழியில்லை.

காவலர் சம்பளம் குறைவு, அதனால்தான் கை நீட்டுகிறார்கள் என்று பரிந்து பேசுபவர்கள் உண்டு. இரண்டாம் நிலைக் காவலரின் ஊதிய விகிதம் 18,200 ரூபாயில் தொடங்குகிறது. அவர் பார்க்கும் வேலைக்கு அது போதாது, கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால் அது லஞ்சத்துக்கு மருந்தாகிவிடாது. கானா நாடு 2010-இல் காவலர் ஊதியத்தை இரு மடங்காக்கியது. நெடுஞ்சாலை லாரிகளிடம் பிடுங்கிய பணத்தை ஆராய்ந்தவர்கள், ஊதிய உயர்வுக்குப் பின் காவலர்கள் கேட்ட தொகை குறையவில்லை, கூடியது என்று கண்டார்கள். போதாமையே காரணமென்றால் அது நடந்திருக்காது. தவிர, மறிக்கப்படும் ஓட்டுநரின் வருமானம் பல நேரங்களில் மறிப்பவருடையதைவிடக் குறைவு. இல்லாமையின் பெயரால் இன்னும் இல்லாதவனிடம் எடுப்பது எந்த நியாயத்திலும் சேராது.

அபராதம்தான் அநியாயம், காவலர் ஏழையை அதிலிருந்து காப்பாற்றுகிறார் என்பது இன்னும் வலுவான வாதம். 2022 அக்டோபரில் தமிழ்நாடு புதிய அபராதங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது ஹெல்மெட் இல்லாததற்கு 1,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 ரூபாய் என்றானது. நாள் கூலிக்காரருக்கு ஆயிரம் என்பது ஒரு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு. இத்தொகைகள் வருமானம் பார்த்து அமைய வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் இரக்கத்துக்கு விலை கிடையாது. ஏழையைப் பார்த்து மனமிரங்கும் காவலர் எச்சரித்து அனுப்பலாம், ஹெல்மெட் வாங்கி வரச் சொல்லலாம். இருநூறு வாங்கிக்கொண்டு விடுவதில் இரக்கம் எங்கே வந்தது? அந்த இருநூறும் இல்லாதவனுக்கு முழு அபராதம். கார்க்காரருக்கோ சட்டமே சில்லறைச் செலவு. லஞ்சம் கடுமையான சட்டத்தை மென்மையாக்குவதில்லை, வசதி பார்த்து வளைக்கிறது.

மூன்றாவது வாதத்தைத் தள்ளிவிட முடியாது. சாலையில் நிற்பவர் கடைசிக் கண்ணி. வசூலில் பங்கு மேலே போகிறது, கொடுக்காவிட்டால் பணியிட மாற்றம் என்கிறார்கள். உண்மையாக இருக்கும் இடங்களில் பழியின் பெரும்பகுதி மேலே இருப்பவருடையது. ஆனாலும் நோட்டை வாங்கிய கை தன் பங்குக் குற்றத்திலிருந்து கழன்றுகொள்ள முடியாது. மேலிடம் கேட்டது என்பதால் சைக்கிள் பிள்ளையின் ஆபத்து குறைந்துவிடவில்லை. ஜார்ஜியா 2004-இல் போக்குவரத்துக் காவல் பிரிவையே கலைத்து, புதியவர்களை நல்ல ஊதியத்தில் எடுத்தது. பங்கு கேட்கும் மேல்வரிசையும் கூடவே அகன்றதால்தான் அங்கே ஊதிய உயர்வு பலித்தது. நம் உச்ச நீதிமன்றம் 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில், அதிகாரிகளுக்குக் குறைந்தபட்சப் பதவிக்காலம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல்துறைப் புகார் ஆணையங்கள் வேண்டும் என்று ஆணையிட்டது. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கியது; காவல்துறைத் தலைமை இயக்குநர் அதில் உறுப்பினர். காவல்துறைமேல் சொல்லும் புகாரை விசாரிக்கும் ஆணையத்தில் காவல்துறையின் தலைவரே அமர்ந்திருப்பார். மலையிலிருந்து இறங்கி வந்து லோடு ஆட்டோ ஓட்டும் இளைஞன் அப்படிப்பட்ட அமைப்பை நம்பி வரமாட்டான். தமிழ்நாடு அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தி, உச்ச நீதிமன்றம் சொன்னபடி நீதிபதி தலைமையில், காவல் அதிகாரிகள் இல்லாத ஆணையத்தை மாவட்டந்தோறும் அமைக்க வேண்டும்.