எழுதுகிறவனின் கடன்



பிறருக்கு விளங்காதபடி எழுதுவது பாவமாகுமா? நம் பங்கு வாலிபர் சிலர் இணையதளத்திற்கும் கைப்பேசிக்கும் செய்தி எழுதப் பழகிவரும் இந்நாளில், இக்கேள்வியைச் சற்றே ஆராய்வது நலம்.

வீரமாமுனிவரை (1680-1747) நீங்கள் அறிவீர்கள். அவர் காலத்து ஏடுகளில் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி நின்றன. குறிலுக்குப் புள்ளியிட வேண்டும் என்பது இலக்கணம். ஓலை கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் அதை விட்டுவிட்டார்கள். ஆகவே எழுதியிருப்பது 'பொய்' என்பதா, 'போய்' என்பதா என்று வாசிப்பவனே ஊகிக்க வேண்டியிருந்தது. முனிவர் நெட்டெழுத்துக்கு ஒரு சுழி சேர்த்தார்; ஐயம் தீர்ந்தது. 1732-ல் அவர் இயற்றிய சதுரகராதியும் இவ்வகையதே. நிகண்டுகள் செய்யுளால் ஆனவை. மனப்பாடம் செய்தவனுக்கே பெரிதும் உதவும். அவரோ சொற்களை அகர வரிசையில் அடுக்கிப் பொருள் தந்தார். எழுத்தறிந்த எவனும் தேடியெடுக்கலாம்.

இவ்விரண்டிலும் நியாயம் ஒன்றே. வாசிப்பவன் பட வேண்டிய பாட்டை எழுதுகிறவன் தானே ஏற்றுக்கொண்டான். இதற்குப் பிறசிநேகம் என்று பெயர்.

நம் ஃபேர்லேண்ட்ஸ் ஆஸ்பத்திரிகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒரு தாயை நினையுங்கள். மருந்துச் சீட்டைப் பார்த்து, எதை எந்த வேளை கொடுப்பது என்று அவள் தவித்தால், எழுதியவரின் படிப்பினால் அவளுக்கு என்ன பலன்? மருந்தின் பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென்று அந்நாளைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ல் விதியே செய்தது.

நிற்க. தெளிவு மட்டும் போதுமா? போதாது. 2018-ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய செய்தி, குழந்தைக்கும் விளங்கும்படி இருந்தது. அவ்வாண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், கோவிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார் சிறுவருக்கு மிட்டாய் கொடுத்தார்கள். கண்டவர்கள் சந்தேகங்கொண்டு ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அச்செய்தியை எழுதியவன் யார்? எங்கே கண்டான்? எந்நாளில்? ஒருவரும் கேட்கவில்லை. "நான் எழுதவில்லை, அனுப்பினேன், அவ்வளவுதான்" என்று சொல்லித் தப்ப முடியாது. எட்டாங் கற்பனை, ஆராயாமல் பரப்புகிறவனையும் கட்டும். அவ்வாண்டு ஜூலையில் அந்நிறுவனம், ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி இந்தியாவில் தடை வைத்தது. ஐந்து இடங்களுக்கு அனுப்பும் பொய்யும் பொய்யே. அதைத் தடுக்க வேண்டியது நம் மனச்சாட்சி.

உண்மை பேசுதல் நீதியைச் சார்ந்த புண்ணியம் என்பது அர்ச். தோமாஸ் அக்வீனாசின் போதனை. அப்படியானால் அது நம் இஷ்டப்படி கொடுக்கும் தருமமல்ல, அயலானுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

ஆகையால், எழுதப் பழகும் வாலிபரே, முக்கியமானதை முதலில் சொல்லுங்கள். வாக்கியத்தைச் சிறிதாக்குங்கள். வயோதிபர் கண்ணுக்கு எட்டும்படி எழுத்தைப் பெரிதாய் அமையுங்கள். யார் சொன்னது, எந்நாள் எழுதியது என்பதைக் குறியுங்கள். பிழை நேர்ந்தால் அதே இடத்தில் பகிரங்கமாய்த் திருத்துங்கள். நிச்சயமாய்த் தெரியாததை எழுதாது விடுங்கள்.

இனிக் கேட்ட கேள்விக்கு விடை: திறமைக் குறைவால் விளங்காமற்போவது பாவமல்ல. அயலான் தடுமாறுவான் என்று அறிந்தும் அசட்டையாய் எழுதுவது பிறசிநேகத்துக்கு விரோதமான குற்றமே. நித்திய வார்த்தையானவர் நமக்கு விளங்கும்படி மனுஷ சுபாவம் எடுத்து நம் நடுவே வந்தார். அவர் உங்கள் வார்த்தையையும் ஆசீர்வதிப்பாராக.